இரண்டு மணி நேரப் பட்டறை, பல மாத வேதியியல்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் வியட்நாமுக்குக் கிளம்பும் மலேசியக் குடும்பங்கள் இப்போது அதிகம். திரும்பி வரும் மாணவர்கள் கைப்பேசியில் காட்டும் படங்களும் மாறிவிட்டன. முன்பெல்லாம் ஹா லோங் விரிகுடாவில் படகுப் பயணம், தெருவோரக் கடையில் ஒரு கிண்ணம் 'ஃபோ'. இப்போது முழங்கை வரை களிமண், நீலம் ஏறிய விரல் நகங்கள், தாங்களே துணி ஒட்டிய பட்டு விளக்கு. பயணிகளுக்கென்று நடத்தப்படும் பாரம்பரியக் கைவினைப் பட்டறைகள் ஹனோயிலும் ஹோய் ஆனிலும் சா பா மலைப் பகுதியிலும் நிறையவே இருக்கின்றன.

அவற்றின் விளம்பரங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லாவற்றிலும் நேரம் போட்டிருக்கும். விளக்குக்கு ஒரு மணி நேரம், மண் கிண்ணத்துக்கு இரண்டு மணி நேரம், மெழுகோவியத் துணிக்கு அரை நாள்.

நான்காம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அரும்பொருளகத்தில் இருந்த அரக்கு ஓவியத்தைச் செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்று வழிகாட்டி சொன்னார். மறுநாள் பட்டறையில் நாங்கள் இரண்டே மணி நேரத்தில் ஒன்றைச் செய்து கையோடு கொண்டு வந்துவிட்டோம். இதில் எது உண்மை?"

இரண்டும் உண்மைதான். எப்படி என்பதற்கான விடை வேதியியலில் இருக்கிறது.

கைவினை என்றதும் நாம் கையைத்தான் நினைக்கிறோம். ஆனால் வியட்நாமின் பழைய தொழில்கள் பலவற்றில் கை செய்வது பாதி வேலைதான். மீதியைச் சூளையின் வெப்பமும், சாயத் தாழியில் வாழும் பாக்டீரியாவும், காற்றிலுள்ள உயிர்வளியும், மரப்பாலில் இருக்கும் ஒரு நொதியும் செய்கின்றன. இவை எதற்கும் சுற்றுலாப் பயணியின் அவசரம் தெரியாது. ஆகவே, பட்டறை நடத்துபவர் மெதுவான வேலையை நீங்கள் வருமுன்பே முடித்து வைக்க வேண்டும், அல்லது நீங்கள் போன பிறகு செய்ய வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் பொருளையே மாற்றிவிட வேண்டும். எந்தப் பட்டறையில் எது நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் நல்ல அறிவியல் வகுப்பாகிவிடும்.

எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

மத்திய வியட்நாமில் உள்ள ஹோய் ஆன் பழைய துறைமுக நகரம். யுனெஸ்கோ 1999-இல் அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. மாலையில் அதன் தெருக்களில் தொங்கும் பட்டு விளக்குகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் உங்கள் கையில் கொடுப்பது விளக்கின் மூங்கில் எலும்புக்கூடு. நீங்கள் சிம்புகளின் மேல் பசை தடவி, பட்டுத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, ஓரத்தை வெட்டி, குஞ்சம் கட்டுகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது. ஏன் முடிகிறது? பசை காய்வதைத் தவிர இங்கே காத்திருக்க வேண்டிய மாற்றம் எதுவும் இல்லை. காத்திருக்க வேண்டியதெல்லாம் மூங்கிலோடு முன்பே நடந்துவிட்டது. பச்சை மூங்கிலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. துளைக்கும் வண்டுகளுக்கு அதுதான் விருந்து. மூங்கிலை நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து அந்தச் சத்துகளை வெளியேற்றி, உலர்த்தி, அதன் பிறகே சிம்பாகச் சீவுகிறார்கள். குடையைப் போல மடித்துப் பெட்டிக்குள் வைக்கக்கூடிய விளக்கும் உண்டு. வளைந்த மூங்கில் சிம்பு மீள்சக்தியைச் சேமித்து வைத்துத் துணியை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கிறது. இயற்பியல் அவ்வளவுதான். அடுத்த தொழிலுக்குப் போவோம்.

சூளைக்குப் போகாத கிண்ணம்

ஹனோய்க்குத் தென்கிழக்கில், செந்நதிக் கரையில் பாட் சாங் என்ற குயவர் ஊர் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக மண்பாண்டம்தான் ஊரின் தொழில். இன்று அங்கே போனால் குழந்தைகள் முதல் தாத்தாக்கள் வரை சுழலும் சக்கரத்தின் முன் உட்கார்ந்து கிண்ணம் வனைகிறார்கள். கோணல்மாணலாக வந்தாலும் அது நீங்கள் வனைந்த கிண்ணம். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் சக்கரத்திலிருந்து இறக்கும்போது அது இன்னும் 'பாண்டம்' ஆகவில்லை. ஈர மண்ணுக்கு ஒரு வடிவம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. களிமண்ணில் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று, துகள்களுக்கு இடையே நிற்கும் நீர். நிழலில் சில நாள் வைத்தால் அது ஆவியாகிவிடும். அப்போது துகள்கள் நெருங்கி வருவதால் கிண்ணம் சுருங்கும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேற்புறம் முதலில் சுருங்க, உட்புறம் சுருங்காமல் நிற்க, விரிசல் விழும். இன்னொன்று, களிமண் கனிமத்தின் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர். எவ்வளவு நாள் வெயிலில் வைத்தாலும் அது போகாது. ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் வெளியேறும். அது வெளியேறிய பிறகு களிமண் மறுபடியும் களிமண்ணாக மாறுவதில்லை. சூளைக்குப் போகாத கிண்ணத்தில் நீர் ஊற்றினால் கரைந்து சேறாகும். சூளை கண்ட கிண்ணம் ஆயிரம் ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்தாலும் கரையாது. முதலாவது வகையை இயற்பியல் மாற்றம் என்றும் இரண்டாவதை வேதியியல் மாற்றம் என்றும் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பாட் சாங் சூளைகள் 1,200 டிகிரியையும் தாண்டுகின்றன. அந்த வெப்பத்தில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துகள்களைப் பிணைக்கிறது. மேலே பூசிய பூச்சும் உருகிப் பளபளப்பாகிறது. அரைகுறையாகக் காய்ந்த கிண்ணத்தை அவசரமாகச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அந்த அழுத்தம் கிண்ணத்தை வெடிக்க வைக்கும். பக்கத்தில் இருக்கும் கிண்ணங்களும் சேர்ந்து போகும். ஆகவே உங்களுக்கு விமானம் நாளைக் காலையில் என்பதற்காக எந்தக் குயவரும் சூளையை அவசரப்படுத்த மாட்டார்.

அப்படியானால் நீங்கள் கையோடு கொண்டு வருவது என்ன? பெரும்பாலும் வெப்பக் காற்றிலோ அடுப்பருகிலோ மேலோட்டமாக உலர்த்தி, வண்ணம் தீட்டிய பச்சை மண். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், காப்பி ஊற்றக் கூடாது. சில பட்டறைகள் முன்பே ஒருமுறை சுட்ட பாண்டத்தைக் கொடுத்து அதன் மேல் படம் வரையச் சொல்லும். வேறு சில உங்கள் கிண்ணத்தை வாங்கி வைத்து, உலர்த்திச் சுட்டுப் பிறகு அனுப்பி வைக்கும். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. காத்திருக்க வேண்டும், கூடுதல் செலவும் ஆகும். ஆனால் வருவது உண்மையான கிண்ணம்.

ஹோய் ஆனுக்கு அருகில், தூ போன் ஆற்றங்கரையில் தான் ஹா என்ற இன்னொரு குயவர் ஊர் இருக்கிறது. அங்கே ஒருவர் நின்றபடி காலால் சக்கரத்தைத் தள்ள, இன்னொருவர் உட்கார்ந்து வனைவது பழைய முறை. தான் ஹாவின் செம்மண் பாண்டங்கள் பாட் சாங்கைவிடக் குறைந்த வெப்பத்தில் சுடப்படுபவை. துகள்கள் முழுதும் உருகி ஒட்டாததால் நுண்துளைகள் இருக்கும். நம் வீட்டு மண்பானை நீரைக் குளிர வைப்பது அந்த நுண்துளைகளால்தானே? அதே குடும்பம்தான்.

பச்சையாக வெளிவரும் நீலம்

வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சா பா. சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் மோங் இனப் பெண்கள் ஹெம்ப் நாரை நூற்று நெய்து, தேன்மெழுகால் கோலம் வரைந்து, அவுரி நீலத்தில் தோய்த்து உடை செய்கிறார்கள். பாத்திக் நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் பள்ளியில் பயன்படுத்தும் சாந்திங்கிற்குப் பதிலாக அங்கே சிறிய செப்புத் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய பேனா. தகடுகளுக்கு இடையே உருகிய மெழுகு தங்கி, மெல்லிய நேர்கோடாக இறங்குகிறது.

நீலம் எடுக்கும் செடி நம் அவுரி அல்ல. அது ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மேற்குத் தொடர்ச்சி மலையில் பூக்கும் குறிஞ்சி இருக்கிறதே, அதுவும் இதே பேரினம்தான். குறிஞ்சியின் உறவுக்காரச் செடி வியட்நாம் மலையில் துணிக்கு நீலம் தருகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தது.

இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. நிறமற்ற இண்டிக்கான் என்ற பொருளாக இருக்கிறது. இலைகளைச் சில நாள் நீரில் ஊறவைத்தால் நொதிகள் அதை உடைக்கின்றன. பிறகு சுண்ணாம்பு சேர்த்து, காற்றுப் படும்படி நன்றாகக் கலக்கி அடித்தால், உயிர்வளி சேர்ந்து நீலக் குழம்பு அடியில் படிகிறது. வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்த நீலம் நீரில் கரையாது. கரையாத சாயம் நாருக்குள் எப்படிப் போகும்?

அதற்குத்தான் தாழி. சாம்பல் நீரும் அரிசி மதுவும் சேர்த்த தாழியில் நீலக் குழம்பைக் கலந்து நாள்கணக்கில் விடுகிறார்கள். அங்கே வளரும் பாக்டீரியா நீலத்தை ஒடுக்கம் செய்து, காரநீரில் கரையும் மஞ்சள் பச்சைப் பொருளாக மாற்றுகிறது. துணியைத் தோய்த்து வெளியே எடுத்தால் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் உங்கள் கண் முன்னேயே நீலமாக மாறும். நாருக்குள் கரைந்து நுழைந்தது, அங்கேயே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, மறுபடியும் கரையாத நீலமாகி மாட்டிக்கொள்கிறது. ஐந்தாம் படிவ வேதியியலின் முதல் பாடமான ரெடோக்ஸ் ஒரு தாழிக்குள் முழுதாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரியில் உருகிவிடும். கொதிக்கும் சாயத்தில் தோய்த்தால் மெழுகுக் கோலம் கரைந்து போகும். அவுரி நீலத்தைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. அதனால்தான் மெழுகும் இந்த நீலமும் இத்தனை பொருத்தமான ஜோடி. கடைசியில் துணியைக் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று, வெள்ளைக் கோலம் வெளிப்படும்.

பட்டறையில் நீங்கள் ஓரிரு முறை தோய்ப்பீர்கள். வெளிர் நீலம் வரும். மோங் பெண்கள் தங்கள் பாவாடைக்குப் பயன்படுத்தும், கறுப்பை நெருங்கும் அடர்நீலம் வேண்டுமானால் தோய்த்து, காற்றாடவிட்டு, காயவைத்து, மறுபடியும் தோய்த்து என்று பல நாள் செல்ல வேண்டும். தாழியையும் ஊறுகாய் ஜாடி போலக் கவனித்துக்கொள்ள வேண்டும். அதில் உயிர் இருக்கிறது. குளிர் அதிகமானால் பாக்டீரியா மந்தமாகும்.

இங்கே குறுக்குவழி உண்டா? உண்டு. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897-இல் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியது. பாக்டீரியாவுக்குப் பதிலாக ஓர் ஒடுக்கப் பொடியைப் போட்டால் தாழி நிமிடக்கணக்கில் தயாராகிவிடும். வேடிக்கை என்னவென்றால், இலையிலிருந்து வந்த நீலமும் தொழிற்சாலை நீலமும் ஒரே மூலக்கூறுதான். துணியைப் பார்த்து நீங்களோ நானோ வித்தியாசம் சொல்ல முடியாது. எனவே தாழியைப் பாருங்கள், தோட்டத்தில் செடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அரக்குப் பட்டறையில் நிலைமை வேறு. அங்கே குறுக்குவழியில் மூலக்கூறே மாறிவிடுகிறது.

ஈரத்தில் காயும் மரப்பால்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் அரக்கு என்று சொல்வது பூச்சிகள் சுரக்கும் பிசின். வளையலுக்கும் முத்திரை வைக்கவும் பயன்படுவது அதுதான். வியட்நாமின் 'சோன்' பூச்சியிலிருந்து வருவதில்லை. அது ஒரு மரத்தின் பால். இரண்டுக்கும் பொருத்தமான தனிச் சொல் நம்மிடம் புழக்கத்தில் இல்லாததால் இதையும் அரக்கு என்றே அழைக்கிறோம்.

ஹனோய்க்கு வடமேற்கில் உள்ள பூ தோ மாநிலம் இந்த மரத்துக்குப் பெயர் பெற்றது. விடியுமுன் போய் மரப்பட்டையில் சாய்வாகக் கீறி, வடியும் பாலைச் சிறு ஓடுகளில் பிடிக்கிறார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "ரப்பர் மரம் சீவுகிற மாதிரியா?" என்பார்கள். அதே மாதிரிதான், நேரம்கூட அதேதான். ரப்பர் பாலை உறைய வைக்க நாம் அமிலம் சேர்க்கிறோம். சோன் பால் தன்னை இறுக்கிக்கொள்ளும் கருவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

அந்தக் கருவியின் பெயர் லேக்கேஸ், ஒரு நொதி. பாலில் இருக்கும் லேக்கால் என்ற எண்ணெய் போன்ற பொருளை அது காற்றின் உயிர்வளியைக் கொண்டு ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. லேக்கால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, பெரிய வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அமிலமும் காரமும் எளிதில் அசைக்க முடியாத கடினமான படலம் உருவாகிறது. நொதி வேலை செய்ய நீர் வேண்டும். ஆகவே சோன் பூசிய பலகையை வெயிலில் வைத்தால் அது சரியாக இறுகாது. ஈரத் துணி தொங்கவிட்ட அலமாரிக்குள்ளோ ஈரப்பதம் நிறைந்த அறையிலோ வைக்க வேண்டும். சட்டை வெயிலில் காயும், சோன் ஈரத்தில் காயும்! ஹனோயில் வசந்த காலத்தில் சில வாரங்கள் சுவரும் தரையும் வியர்க்கும் அளவுக்கு ஈரமாக இருக்கும். மற்றவர்கள் துணி காயவில்லை என்று அலுத்துக்கொள்ளும் அந்தப் பருவம் சோன் இறுகுவதற்கு ஏற்ற பருவம்.

இதன் பின்னால் அறிவியல் வரலாற்றில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் யோஷிதா 1883-இல், தம் நாட்டு அரக்கு மரத்தின் பாலை இறுக வைப்பது வெப்பத்தால் அழியக்கூடிய ஒரு பொருள் என்று கண்டார். 1894-இல் ஃபிரெஞ்சு வேதியியலாளர் கேப்ரியேல் பெர்ட்ரான் வட வியட்நாமிலிருந்து, அதாவது அப்போதைய டோங்கினிலிருந்து வந்த மரப்பாலை ஆராய்ந்து, அந்த நொதிக்கு லேக்கேஸ் என்று பெயரிட்டார். அதன் சாம்பலில் மாங்கனீஸ் இருப்பதைக் கண்டு, நொதி வேலை செய்ய அந்த உலோகம்தான் காரணம் என்றும் கருதினார். நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 1939-இல், கெய்லின், மான் என்ற இரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதே மரத்தின் பாலிலிருந்து லேக்கேஸைத் தூய்மைப்படுத்தினார்கள். நீல நிறமாக இருந்தது. உலோகம் மாங்கனீஸ் அல்ல, செம்பு. நொதி வேலை செய்ய உலோகம் துணை நிற்கும் என்ற பெர்ட்ரானின் எண்ணம் சரி, உலோகத்தின் பெயர் தவறு. இன்று பூஞ்சைகளிலிருந்து எடுக்கும் லேக்கேஸை ஜீன்ஸ் துணியின் நீலத்தை வெளுக்க வைக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்துகின்றன.

இனி ஓவியத்துக்கு வருவோம். 1925-இல் ஹனோயில் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய இந்தோசீன நுண்கலைக் கல்லூரியின் மாணவர்கள், கோயில் தூணுக்கும் பெட்டிக்கும் பூசிவந்த சோனை ஓவியத்துக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களில் நுயென் ஸா சி புகழ்பெற்றவர். அந்தக் கலைக்கு 'சோன் மாய்' என்று பெயர். 'மாய்' என்றால் தேய்ப்பது. பலகைக்குத் துணி ஒட்டி, களிமண் கலந்த சோனைப் பூசி, தேய்த்து, மறுபடியும் பூசி, தேய்த்து அடித்தளம் செய்கிறார்கள். அதன் மேல் நிறங்களை அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. கடைசியில் படம் முழுவதையும் மூடி ஒரு பூச்சு. பிறகு நீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, உள்ளே புதைந்த நிறங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஓவியர் வரைவதைவிடத் தோண்டி எடுக்கிறார் என்றே சொல்லலாம். மாதக்கணக்கில் ஆவது இதனால்தான்.

நிறங்களிலும் வேதியியல்தான். மரப்பாலை இரும்புப் பாத்திரத்தில் நாள்கணக்கில் கிளறினால் இரும்போடு வினைபுரிந்து கன்னங்கரேலென்று ஆகும். இரும்பு படாமல் கிளறினால் செம்பழுப்பு. அதற்கு வியட்நாமியர் வைத்த பெயர் 'கரப்பான் சிறகு நிறம்'. பொருத்தமான பெயர்தான், சாப்பாட்டு மேசையில் சொல்ல முடியாது என்பதைத் தவிர! வெள்ளை மட்டும் வராது. பழுப்பு நிறப் பாலில் எந்த வெள்ளைப் பொடியைக் கலந்தாலும் மங்கிவிடும். எனவே வாத்து முட்டை ஓட்டை ஒட்டுகிறார்கள். ஈரமான பூச்சின் மேல் ஓட்டை வைத்து விரலால் அழுத்தினால் நுண்ணிய விரிசல்களோடு அது படிந்துவிடும். கால்சியம் கார்பனேட் நிறம் மாறாது. பட்டறைகளில் பயணிகளுக்குக் கிடைக்கும் மிக இனிமையான வேலை இதுதான்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வரலாம். அவள் கையில் கிடைத்த பலகையில் அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. அதுவே வாரக்கணக்கான வேலை. இரண்டு மணி நேரத்தில் காய்ந்து, பையில் வைக்கும் அளவுக்கு இறுகிய மேல்பூச்சு மரப்பால் சோனாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. லேக்கேஸ் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. பயணிகளுக்கான பட்டறைகள் பலவற்றில் முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து செய்த பூச்சோ செயற்கைப் பூச்சோதான் பயன்படுகிறது. அவை கரைப்பான் ஆவியாகி விரைவில் காயும். மூக்கைத் துளைக்கும் தின்னர் வாடை வந்தாலோ, முடி உலர்த்தியால் பத்து நிமிடத்தில் காய வைத்தாலோ புரிந்துகொள்ளுங்கள்.

இது ஏமாற்றா? நான் அப்படி நினைக்கவில்லை, ஒரு நிபந்தனையோடு. மாற்றுப்பொருள் என்று சொல்லிவிட்டுச் செய்தால் அது பாதுகாப்புக்கான நல்ல முடிவுகூட. ஏனென்றால் இறுகாத சோன் பால் தோலுக்குப் பொல்லாதது. இந்த மரம் மா, முந்திரி, நம் காட்டு ரெங்காஸ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாம்பால் பட்டு வாயோரம் புண்ணானவர்கள் வகுப்புக்கு ஒருவராவது இருப்பீர்கள். சோன் பாலில் உள்ள லேக்கால் அதைவிடக் கடுமையாகத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். அதிலும் அது உடனே வராது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு எதிர்ப்பதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். பட்டறையில் ஒன்றும் தெரியாது, வீடு திரும்பிய பிறகு முழங்கை வீங்கும். முழுதும் இறுகிய சோன் பாத்திரத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் லேக்கால் வலைக்குள் பூட்டப்பட்டுவிட்டது. உண்மையான சோன் தரும் பட்டறைக்குப் போனால் கையுறையும் நீளக் கைச் சட்டையும் அவசியம். மாம்பால் ஒவ்வாதவர்கள் வேடிக்கை மட்டும் பார்ப்பது நல்லது.

மாற்றுப் பூச்சைக் கொடுத்துவிட்டு 'நூறு விழுக்காடு பாரம்பரியம்' என்று சொல்வதுதான் தவறு. அதனால் நட்டம் பயணிக்கு மட்டுமல்ல. இரண்டு மணி நேரத்தில் ஒன்றைச் செய்து முடித்தவர் அடுத்த தெருவில் மாதக்கணக்கில் உழைத்த அரக்குப் பெட்டியின் விலையைக் கேட்டதும், "இதையா? நானே நேற்றுச் செய்தேனே" என்று பாதி விலைக்குக் கேட்பார். விடியுமுன் மரம் சீவுபவரின் கூலியும் தாழியைக் காக்கும் பெண்ணின் கூலியும் அந்தப் பேரத்தில்தான் கரைகின்றன. பட்டறை, தொழிலை வாழ வைக்கவும் முடியும், மலிவாக்கவும் முடியும்.

ஆகவே அடுத்த விடுமுறையில் போகும்போது கொஞ்சம் கேள்வி கேளுங்கள். இந்தப் பலகையில் நான் வருவதற்கு முன் என்னென்ன செய்தீர்கள்? நான் போன பிறகு இதற்கு என்ன நடக்கும்? உண்மையான பொருள் எப்படி இருக்கும், ஒரு துளி காட்ட முடியுமா? கைவினைஞர்களுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். உள் அறையில் இருக்கும் ஈர அலமாரியைத் திறந்து காட்டினாலும் காட்டுவார்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒரு சோதனை. லேக்கேஸின் உறவுக்கார நொதி ஒன்று, அதுவும் செம்பு கொண்டதுதான், கத்தரிக்காயிலும் வாழைப்பூவிலும் இருக்கிறது. வெட்டியதும் அவை கறுப்பது அதனால்தான். மூன்று தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் வெட்டிய கத்தரிக்காயை அப்படியே காற்றில் வையுங்கள். இரண்டாவதில், அம்மா வாழைப்பூவுக்குச் செய்வது போல, மோர் கலந்த நீரில் மூழ்க வையுங்கள். மூன்றாவது துண்டை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்துக் காற்றில் வையுங்கள். பத்து நிமிடத்திலும் முப்பது நிமிடத்திலும் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோரில் எது தடுத்தது, அமிலமா அல்லது காற்றுப் படாததா? அதைப் பிரித்தறிய நான்காவதாக ஒரு தட்டு வேண்டும். அதில் என்ன வைக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.